லேப்டாப்பில் வைஃபை: சரியாக அமைப்பதும், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும்

"வைஃபை வேலை செய்யவில்லை" என்ற ஒரே புகாருக்குள் ஐந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். லேப்டாப்பில் உள்ள வைஃபை கார்டே இயங்காமல் இருக்கலாம். கார்டு இயங்கினாலும் ரவுட்டரோடு சேர முடியாமல் போகலாம். சேர்ந்த பிறகும், நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி அதற்குக் கிடைக்காமல் இருக்கலாம். முகவரி கிடைத்தும், ரவுட்டருக்கு அப்பால் இணையமே இல்லாமல் இருக்கலாம். இத்தனையும் சரியாக இருந்து, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் பதில் தராமல் இருக்கலாம்.

இதில் எது என்று பார்க்காமலே, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழிப்பது, ரவுட்டரை ரீசெட் செய்வது, விண்டோஸை மறுபடி நிறுவுவது என்று இறங்கினால் பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். நன்றாக இருந்த அமைப்பும் கெட்டுப்போகும். முதலில் எந்தக் கட்டத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய அமைப்பைக் குறித்தோ, படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் பக்க வேலை

லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் ரவுட்டர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில், சுற்றிலும் திறந்த இடம் உள்ளபடி வைப்பது நல்லது. இரும்பு அலமாரிக்குள்ளும், தொலைக்காட்சிக்குப் பின்னாலும், மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். கண்ணாடியின் பின்பக்கப் பூச்சும் உலோகம்தான் என்பதால் பெரிய நிலைக்கண்ணாடியும் தடைதான். செங்கல் சுவரைவிடக் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பல மடங்கு அதிகமாக அலையை வடிகட்டும்.

வெளியே ஆன்டெனா உள்ள ரவுட்டர் என்றால் அவற்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அலை ஆன்டெனாவின் நுனியிலிருந்து பாய்வதில்லை, அதன் பக்கவாட்டில்தான் பரவுகிறது. மாடிக்கும் சிக்னல் வேண்டுமானால் ஒரு ஆன்டெனாவை மட்டும் படுக்கவைத்துப் பாருங்கள்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும். வைஃபை 6இ, வைஃபை 7 கருவிகளில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. அது கிட்டத்தட்ட ஒரே அறைக்கானது, விண்டோஸ் 11, டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை இரண்டும் இல்லாமல் விண்டோஸ் லேப்டாப்பில் வராது.

பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்து, எதில் சேர்வது என்பதைத் தாமே தீர்மானிக்கப் பார்க்கின்றன. வசதியான ஏற்பாடுதான். ஆனால் லேப்டாப் ரவுட்டருக்கு அருகிலேயே இருந்தும் 2.4-லேயே ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான் நடக்கிறது. கோளாறு தேடும் நாட்களிலாவது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். எதில் இருக்கிறோம் என்பது தெரியாமல் வேக அளவீடு எதற்கும் அர்த்தமில்லை.

ஓர் அலைவரிசைக்குள் உள்ள எண்ணிட்ட பகுதிகள்தான் சேனல்கள், அவற்றின் விஷயத்தில் நேரம் செலவழிப்பது பலன் தரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. ஒவ்வொரு சேனலின் மையமும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது, ஆனால் ஒரு ரவுட்டர் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் 3 அல்லது 4-ஐத் தேர்ந்தெடுப்பவர் 1-இல் இருப்பவருக்கும் 6-இல் இருப்பவருக்கும் இடைஞ்சல் தருகிறார், தானும் இருவரின் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறார். இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதை எடுங்கள். அகலத்தை 20-லேயே வைத்திருங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று எழுதியிருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பில் அது நெரிசலைத்தான் இரட்டிப்பாக்கும். 12, 13 காலியாக இருக்கிறதே என்று அங்கே போகவும் வேண்டாம். வேறொரு நாட்டு விதிக்கு அமைக்கப்பட்ட லேப்டாப்புக்கு அந்தச் சேனல்கள் கண்ணுக்கே தெரியாது.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் பெரும்பாலும் சரிப்படும். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரவுட்டர் அங்கே ஒலிபரப்பத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் தெரிந்தால் உடனே வேறு சேனலுக்கு விலகவும் வேண்டும். விமான நிலையத்துக்கோ வானிலை ரேடாருக்கோ அருகில் இருப்பவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென மறைந்து சற்று நேரம் கழித்துத் திரும்புகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 36 முதல் 48 வரையுள்ள சேனலுக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2-வில் ஏஇஎஸ் குறியாக்கம் அல்லது டபிள்யூபிஏ3 போதும். பழைய முறையான டபிள்யூஇபி உடைக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டிகேஐபி குறியாக்கம் பழையது என்பதோடு, அதைத் தேர்ந்தெடுத்தால் வேகமும் விநாடிக்கு 54 மெகாபிட்டை (எம்பிபிஎஸ்) தாண்டாது. பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். நான்கைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு உரிய பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்கள்.

லேப்டாப்பை இணைப்பது

விண்டோஸ் 11-இல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐகானைச் சொடுக்கி, வைஃபைக்கு அருகில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் பெயர்ப்பட்டியல் வரும். பெயரைத் தேர்ந்து, கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி என்பதில் குறியிட்டு, பாஸ்வேர்டு கொடுங்கள். கண் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் தட்டச்சு செய்தது தெரியும், பெரிய எழுத்து சிறிய எழுத்துக் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டு இணைப்பென்றால் பிரைவேட் என்றும், பொது இடமென்றால் பப்ளிக் என்றும் வையுங்கள். மேக்கில் மேல்பட்டையின் வைஃபை ஐகானிலும், உபுண்டுவில் மேல் வலது மூலையிலும் இதே வேலைதான்.

பெயரை மறைத்துவைத்த நெட்வொர்க் என்றால் ஹிட்டன் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்து பெயரை நீங்களே எழுத வேண்டும். மறைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. மாறாக, அந்தப் பெயர் பக்கத்தில் இருக்கிறதா என்று லேப்டாப் போகுமிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். மறைக்காமல் விடுவதே நல்லது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஐந்து சோதனைகள்

முதலாவது: அதே இடத்தில், அதே வைஃபையில் கைபேசி வேலை செய்கிறதா? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். கைபேசியும் தவித்தால் லேப்டாப்பில் நேரம் வீணாக்க வேண்டாம், ரவுட்டர் பக்கம் போங்கள்.

இரண்டாவது: லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். கேபிளில் இணையம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் கோளாறு அலையிலோ கார்டிலோதான். கேபிளிலும் வராவிட்டால் டிஎன்எஸ், இணையப் போக்கை வேறொரு கணினி வழியாகத் திருப்பும் புராக்ஸி, விபிஎன் போன்ற மென்பொருள் காரணமாகவோ, வெளி இணைப்பு காரணமாகவோ இருக்கும்.

மூன்றாவது: ஐபி முகவரி. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் வைஃபையை இருமுறை சொடுக்கி டீடெய்ல்ஸ் அழுத்துங்கள். ஐபிவி4 முகவரி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை, விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

நான்காவது: அதே பக்கத்தில் டீஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ரவுட்டர். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் (ping) என்ற கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் ஒரு சில மில்லிவிநாடிகளில், ஒன்றும் தவறாமல் வர வேண்டும். 2 மில்லிவிநாடி, 180, 5, பிறகு பதிலே இல்லை என்று தாவினால் இணைய நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது.

ஐந்தாவது: பிங் கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்கும், பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கும் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு அந்தப் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் டிஎன்எஸ்தான். இரண்டுக்கும் வராமல் கேட்வேக்கு மட்டும் பதில் வந்தால் வெளி இணைப்பு அறுந்திருக்கிறது.

வைஃபை ஐகானே காணவில்லை

முதலில் ஏர்பிளேன் மோடு. பல லேப்டாப்களில் எஃப்என் விசையோடு ஏதோ ஒரு எஃப் விசையை அழுத்தினால் ரேடியோ அணைந்துவிடும், துடைக்கும்போது கைபட்டே இது நடக்கும். பழைய மாடல்களில் பக்கவாட்டில் சிறு சுவிட்சே இருக்கும். லினக்ஸில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) என்ற கட்டளை தெளிவாகச் சொல்லிவிடும்: சாஃப்ட் பிளாக் என்றால் மென்பொருளில் அணைக்கப்பட்டது, ஹார்டு பிளாக் என்றால் சுவிட்சிலோ, லேப்டாப் தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிலோ.

அடுத்து விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், வைஃபையை நடத்தும் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் (WLAN AutoConfig) ரன்னிங் என்று இருக்கிறதா பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து, வகையை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ். கார்டின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணம் இருந்து, உள்ளே பிழை எண் (Code) 10 அல்லது 43 என்று எழுதியிருந்தால் முதல் மருந்து டிரைவர் அல்ல, மின்சாரத்தை வடித்தெடுப்பது. லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழலும் வகை என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கார்டில் தங்கிய மின்சாரம் போய், அது முதலிலிருந்து தொடங்கும். தூக்க நிலையிலிருந்து எழும்போது சிக்கிக்கொண்ட கார்டுகள் இதிலேயே திரும்பி வந்துவிடுவதுண்டு.

இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன் என்பது முழு அணைப்பு அல்ல, டிரைவர்களின் நிலையை வட்டில் எழுதிவைத்து மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும். "நேற்று ராத்திரி அணைத்தேனே, இன்றும் அதே கோளாறு" என்பதற்கு இதுவே காரணம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் டிரைவர். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவரை முதலில் இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். இணையம் இல்லாத லேப்டாப்பில் எப்படி இறக்குவது என்றால், கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், வைஃபை கார்டு இல்லாமலே இணையம் வரும். சமீபத்திய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் புதிய டிரைவரைத் தேட வேண்டாம், பிராப்பர்ட்டீஸில் ரோல் பேக் டிரைவர் கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள்.

நெட்வொர்க் அடாப்டர்ஸில் கார்டின் பெயரே இல்லை, புளூடூத்தும் கூடவே மறைந்துவிட்டது என்றால் கவனியுங்கள். லேப்டாப்பில் இரண்டும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒன்றாகப் போனால் கார்டு இடத்திலிருந்து தளர்ந்திருக்கிறது, அல்லது செத்துவிட்டது.

மற்றவர்கள் பெயரெல்லாம் தெரிகிறது, என்னுடையது மட்டும் தெரியவில்லை

கார்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பி, லேப்டாப்பின் கார்டு 2.4 மட்டும் அறிந்ததாக இருக்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதை: ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4 ஆக்குங்கள், ஐஃபோனில் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டியைப் போடுங்கள். 2.4-இல் சேனல் 12 அல்லது 13-க்கு ரவுட்டர் தானாகப் போயிருந்தாலும் பெயர் மறையும்.

பாஸ்வேர்டு சரி, ஆனால் ஏற்கவில்லை

ரவுட்டரை மாற்றிப் பழைய பெயரையே வைத்திருந்தால், லேப்டாப் பழைய பாஸ்வேர்டையும் பழைய பாதுகாப்பு முறையையும் பிடித்துக்கொண்டிருக்கும். நோன் நெட்வொர்க்ஸ் பட்டியலில் ஃபர்கெட் கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்டுகள் சேர முடியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறையிலும் தடுமாறும் டிரைவர்கள் உண்டு, அப்போது டிரைவரைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பாருங்கள். ரவுட்டரில், பட்டியலில் உள்ள வன்பொருள் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் (MAC) ஃபில்டர் போட்டிருப்பவர்கள் லேப்டாப்பில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இயங்கினால் லேப்டாப் வேறொரு முகவரியோடு வந்து நிற்கும், ரவுட்டர் அந்நியர் என்று நிறுத்திவிடும்.

இணைந்திருக்கிறது, இணையம் இல்லை

169.254 என்று வந்தால்: யாராவது முன்பு கையால் ஐபி எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்த்து ஐபி அசைன்மென்ட்டை ஆட்டோமேட்டிக் டிஎச்சிபி (ரவுட்டரே முகவரி தரும் முறை) ஆக்குங்கள். ரவுட்டரை மின்னிணைப்பிலிருந்து எடுத்து 30 விநாடி கழித்துப் போடுங்கள். கருவிகள் நிறைய உள்ள இடமென்றால் ரவுட்டர் கொடுக்கும் முகவரிகளே தீர்ந்திருக்கலாம், டிஎச்சிபி பக்கத்தில் வரம்பை விரித்துவிடுங்கள்.

டிஎன்எஸ் கோளாறு என்றால் வைஃபை பிராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் அசைன்மென்ட்டை மேனுவல் ஆக்கி, 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கொடுங்கள்.

எண்ணுக்கும் பெயருக்கும் பிங் வருகிறது, பிரவுசரில் மட்டும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் புராக்ஸி பக்கத்தைப் பாருங்கள். நீக்கிய விபிஎன்னோ, ஏதோ ஒரு மென்பொருளோ விட்டுச்சென்ற புராக்ஸி முகவரி அங்கே கிடக்கும். எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினால் லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்த லேப்டாப், வருடக் கணக்கில் பின்னால் இருக்கும் தேதியைக் காட்டும், அதனால் ஒவ்வொரு சான்றிதழும் இன்னும் தொடங்காததாகத் தெரியும்.

விடுதி, நூலகம், விமான நிலையம் போன்ற இடங்களில் உள்நுழைவுப் பக்கம் வராமல் நின்றால் விபிஎன்னை அணையுங்கள், கையால் கொடுத்த டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றுங்கள், பிறகு கேட்வே எண்ணைப் பிரவுசரில் தட்டுங்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் உள்ளூர் டிஎன்எஸ் வழியாகத்தான் காட்டப்படுகிறது, நீங்கள் 8.8.8.8-ஐக் கேட்டால் அது குறுக்கே வர வழியில்லை.

விட்டுவிட்டு அறுவது

இதுதான் அதிகம் எரிச்சலூட்டுவது, பொறுமையாகத் தேட வேண்டியதும் இதுதான். எப்போது அறுகிறது என்பதைக் குறித்துவையுங்கள், நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தூக்கத்திலிருந்து எழுந்ததும் என்றால் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்தத் தாவலே இருக்காது, அவற்றில் டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வழி. லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் அமைப்பை அணையுங்கள்.

மணிக்கு ஒருமுறை, கடிகாரம் பிடித்தாற்போல என்றால் ரவுட்டரின் குரூப் கீ மாற்றத்தை, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியாக்கச் சாவியை அது மாற்றுவதைச் சந்தேகியுங்கள். பல ரவுட்டர்களில் அது 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். மாற்றிய சாவியைச் சில டிரைவர்கள் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. டிரைவரைப் புதுப்பியுங்கள்.

சமைக்கும் நேரத்தில் மட்டும் என்றால் மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது. 5-க்கு மாறுங்கள்.

வெளிப்புற ஹார்டு டிஸ்க் செருகியதும் என்றால் யுஎஸ்பி 3. அதன் கேபிளும் இணைப்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே விளக்கியது. டிஸ்க்கை லேப்டாப்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி வைத்து, கவசம் உள்ள நல்ல கேபிளைப் போட்டால் குறையும். கம்பியில்லா மவுஸ் திக்கித் திக்கி நகர்வதும் பலமுறை இதே காரணத்தால்தான்.

திரையைச் சாய்க்கும்போது என்றால் ஆன்டெனா கம்பி. அது கீல் வழியாகத் திரைச் சட்டத்துக்குள் போகிறது, பல ஆண்டு திறந்து மூடி உள்ளே நைந்திருக்கும்.

ஒரு வரிசையும் பிடிபடவில்லை என்றால் விண்டோஸே குறிப்பு எடுத்து வைத்திருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்று கொடுங்கள். கடந்த மூன்று நாட்களில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, ஒவ்வொரு அறுப்புக்கும் என்ன காரணம் பதிவானது என்ற முழு வரைபடமும் ஒரு வலைப்பக்கமாக வரும். சேவை மையத்துக்குப் போகும்போது இதை எடுத்துப்போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வேகம் போதவில்லை

முதலில் அலகு. இணையத் திட்டங்கள் மெகாபிட்டில் சொல்லும், பதிவிறக்கப் பெட்டி மெகாபைட்டில் காட்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு சுமார் 12 மெகாபைட் வந்தால் அது முழு வேகம்தான்.

அடுத்து சிக்னல். நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) என்ற கட்டளை சேனல், சிக்னல் சதவீதம், இணைப்பு வேகம் மூன்றையும் காட்டும். சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால், சிக்னல் வலிமையைச் சொல்லும் டிபிஎம் அளவு வரும்: 66 சதவீதம் என்றால் -67. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை ஐகானைச் சொடுக்கினால் நேரடியாக டிபிஎம்மே தெரியும். -50 அருமை. -67 வரை காணொளி அழைப்பு தடையின்றி ஓடும். -70-க்குக் கீழே இழுபறி தொடங்கும், -80-இல் அறுந்து அறுந்து வரும். ஒவ்வொரு 3 டிபி இறக்கமும் வந்துசேரும் ஆற்றலைப் பாதியாக்குகிறது என்பதால் -67-க்கும் -76-க்கும் இடையே உள்ள வித்தியாசம் எட்டு மடங்கு.

இணைப்பு வேகம் என்ற எண்ணைப் பார்த்தாலே கார்டின் நிலையைப் படித்துவிடலாம். 72 என்றால் 802.11என் என்ற பழைய வைஃபை முறையில், 20 மெகாஹெர்ட்ஸில், ஒரே ஒரு ஆன்டெனா வழியாக ஓடுகிறது. 144 என்றால் அதே முறையில் இரண்டு ஆன்டெனா. 866 என்றால் வைஃபை 5, 80 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா. 1201 என்றால் வைஃபை 6-இல் அதே ஏற்பாடு, 2402 என்றால் அதன் அகலம் 160. இரண்டு ஆன்டெனா கார்டு, ரவுட்டருக்கு அருகிலேயே நின்றும் 433-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு கம்பி கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். உண்மையில் கையில் கிடைக்கும் வேகம் இந்த எண்ணில் பாதி, அல்லது சற்று மேல். 72-இல் 40 வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வர மறுத்தால் கார்டின் அட்வான்ஸ்டு தாவலில் ப்ரிஃபர்டு பேண்டை 5 ஆக்குங்கள். சிக்னல், இணைப்பு வேகம் இரண்டும் நன்றாக இருந்தும் வேகம் சரியாக 90-களில் நின்றுவிடுகிறதா? ரவுட்டரில் மோடம் இணையும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளில் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடர்பில் இல்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒருவர் கோப்பு ஏற்றும்போது எல்லோருக்கும் தடுமாறினால் பதிவேற்ற வழி நிரம்பி வரிசை நீள்கிறது, ரவுட்டரில் வேகத்தைப் பங்கிடும் கியூஓஎஸ் வசதி இருந்தால் பதிவேற்ற வேகத்தை உண்மை அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்.

கார்டை மாற்றுவது

வாரன்டி முடிந்த லேப்டாப்புக்கு இது பயப்பட வேண்டிய வேலை அல்ல. அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுத்துவிடுவது. கார்டு பெரும்பாலும் எம்.2 2230, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒரே திருகு. மேலே இரண்டு மெல்லிய கம்பிகள் பிரஸ் பட்டன் போல அழுத்தி மாட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. பக்கவாட்டில் இழுக்காமல் செங்குத்தாகத் தூக்குங்கள். மாட்டும்போது நடுவில் நேராக வைத்து, டிக் என்று உட்காரும்வரை நகத்தால் அழுத்துங்கள். கோணலாக அழுத்தினால் கார்டின் பக்கத்து முனை நசுங்கிவிடும், பிறகு கார்டே வீண்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை குறிப்பிட்ட இன்டெல் புராசசர்களோடு மட்டுமே இயங்கும், ஏனென்றால் கார்டின் பாதி வேலை புராசசர் பக்கம் இருக்கிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை, ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது, உங்கள் மாடலுக்கு அந்தத் தடை உண்டா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

நெட்வொர்க் ரீசெட்டும் யுஎஸ்பி அடாப்டரும்

விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட் கடைசி மருந்து, முதல் மருந்து அல்ல. எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் நீக்கி மறுபடி நிறுவும், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன், கையால் கொடுத்த டிஎன்எஸ் எல்லாம் போய்விடும். செய்யும் முன் அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் கீழே இருக்கிறது. கொடுத்ததும் ஐந்து நிமிடத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகும், திறந்த கோப்புகளைச் சேமித்துவிடுங்கள்.

அதற்கும் சரியாகாமல், லேப்டாப்பைப் பிரிக்கவும் மனமில்லை என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும். நகம் அளவே உள்ள குட்டி அடாப்டரைத் தவிருங்கள், அதில் ஆன்டெனாவுக்கு இடமே இல்லை. இரண்டு அலைவரிசையும் உள்ளதாகப் பார்த்து வாங்கி, நேராகச் செருகாமல் அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசைமேல் உயர்த்தி வையுங்கள். பக்கத்துப் போர்ட்டின் யுஎஸ்பி 3 இரைச்சலிலிருந்தும், லேப்டாப் உடலின் மறைப்பிலிருந்தும் அது விலகி நிற்கும். பிறகு டிவைஸ் மேனேஜரில் பழைய கார்டை டிசேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையில் சேர்ந்துகொண்டு, எது வழியாகப் போகிறது என்பது தெரியாமல் தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.